பல்லில் இறங்காத செயின்

ஃப்ரீவீல் இல்லாத என் பழைய சைக்கிளுக்கு ஆன்லைனில் செயின் வாங்கினேன். கண்ணிகளை எண்ணி நீளம் பார்த்தேன், அகலத்தைப் பார்க்கவில்லை.

மாட்டினால் பல்சக்கரத்தில் இறங்காமல் பல் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பள்ளித்தோழன் செல்வத்திடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"இது கியர் சைக்கிளு செயினுடா, ஒல்லி. ஒன் வண்டியில முன்பல்லு, பின்பல்லு ரெண்டும் தடிமன். எப்படி எறங்கும்?" என்றவன், அகலமான செயினை மாட்டினான்.

பள்ளி நாட்களில் இதே சைக்கிளில்தான் ஸ்ரீமுஷ்ணம் வரை டபுள்ஸ் போவோம். நான் சீட்டில், அவன் கேரியரில். இரண்டு பெடலில் நாலு கால். ஃப்ரீவீல் இல்லாததால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ஒருவன் ஏமாற்றி ஓய்வெடுக்க முடியாது.

"ஏறிக்கிறன், மிதிச்சுப் பாரு" என்று கேரியரில் உட்கார்ந்தான்.

செயின் கச்சிதம். பின்டயர்தான் தரையோடு தரையாக அமுங்கிவிட்டது.

உங்கள் டபுள்ஸ் கூட்டாளி இப்போது எத்தனை கிலோ?