முனிராஜின் வண்டியில் வெளுத்த ஆயில்

ஐம்பதுகளில் நான் ஓசூரில் ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தேன். ஒருநாள் காலையில் முனிராஜ் தன் மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க மேஸ்திரி. ஆயில் டேங்க்கத் தொறந்து பாருங்க."

மூடியைக் கழற்றினேன். கறுத்திருக்க வேண்டிய ஆயில் பால் அதிகம் விட்ட காபி மாதிரி வெளுத்து, நுரை கட்டியிருந்தது.

"தண்ணி கலந்திருக்குதுங்க" என்றேன்.

"தானாக் கலக்கல, கலந்துட்டான். எந்தம்பி நஞ்சுண்டன்."

முனிராஜுக்குச் சானமாவு பக்கம் கேழ்வரகுக் காடு. சீமைக்குத் திரும்பிப்போன எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து அந்த ட்ரையல்ஸ் வண்டியை வாங்கியிருந்தார். ட்ரையல்ஸ் என்பது வேகப் பந்தயம் அல்ல. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். பெங்களூரில் நடக்கப்போகும் போட்டிக்காக அவர் வெறியோடு பழகிக்கொண்டிருந்தார். வீட்டிலோ பாகப்பிரிவினைச் சண்டை. அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசியே பல மாதம் ஆகியிருந்தது.

"போன தடவையும் இப்படித்தான் ஆச்சு. புது ஆயில் ஊத்துனேன், மறுபடியும் வெளுத்துப்போச்சு. வண்டி மாட்டுக் கொட்டாயில நிக்குது. அவனும் அங்கதான் படுக்கிறான். வேற யாரு ஊத்துவா?"

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அவர ஒண்ணும் கேக்காதீங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நேத்தே வீட்ட விட்டுப் போடான்னுட்டேன். துணிமணி எடுத்துக்கிட்டுக் கோலார் பக்கம் போயிட்டான்."

நான் வேலையைப் பார்த்தேன். அது காற்றில் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, அதனால் உள்ளேயிருந்து தண்ணீர் கசிய வழியில்லை. டேங்க்கில் வெடிப்பு இல்லை, மூடி வாஷரும் நன்றாக இருந்தது. பழைய ஆயிலை வடித்து, அலசி, புதிது ஊற்றி, ரோட்டில் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினேன். ஆயில் தெளிவாகவே இருந்தது.

"எங்க பழகறீங்க?" என்று கேட்டேன்.

"பெண்ணையாத்துலதான்."

கருவிப் பையும் புது ஆயிலும் எடுத்துக்கொண்டு இருவரும் ஆற்றுக்குப் போனோம். அவர் வழக்கம்போல் தண்ணீரில் இறங்கினார். நடு ஆற்றில், பாறை மேல் ஏறும் வழியைப் பார்ப்பதற்காக எஞ்சினை நிறுத்தினார். பிறகு மறுபடி கிளப்பிக் கரையேறினார். மூடியைத் திறந்தேன். ஆயில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாயின் நுனி, ஆற்றில் நிற்கும்போது தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. கொதிக்கும் எஞ்சின் குளிர்ந்த தண்ணீரில் நின்றதும் உள்ளே காற்று சுருங்கும். அப்போது குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதைத் தடுக்க வேண்டிய வால்வு அழுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

விளக்கினேன். முனிராஜ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவன் ஊத்தலியா?"

"யாரும் ஊத்தலீங்க."

வால்வைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, நுனியை சீட்டுக்கு அடியில் உயரத்தில் கட்டினேன். வெளுத்த ஆயிலை மாற்றிவிட்டு, நானே ஆற்றில் இறக்கி நிறுத்திப் பார்த்தேன். இந்த முறை ஆயில் சுத்தமாக இருந்தது. காட்டுவதற்கு அவரைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வரவில்லை.

மறுநாளே கோலாருக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தவர் நேராக ஒர்க் ஷாப்புக்கு வந்தார். தம்பி ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தானாம். நடந்ததையெல்லாம் சொல்லி, கையைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?"

"'வண்டிக்கு என்ன கேடுன்னு மேஸ்திரிகிட்டக் கொண்டுபோய்க் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே அண்ணா'ன்னான். கோபமாக்கூடச் சொல்லல மேஸ்திரி. சொல்லிட்டு மரம் தூக்கப் போயிட்டான்."

முனிராஜ் பெங்களூர் போட்டிக்குப் போகவில்லை. வண்டியை விற்றுத் தரச் சொன்னார், விற்றுக் கொடுத்தேன். நஞ்சுண்டன் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவே இல்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். வெளுத்த ஆயிலோடு வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெயரையும் சேர்த்தே கொண்டு வருவார். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். அது தெரியும்வரை அந்தப் பெயருக்குத் தலையாட்டாதீர்கள். ஆயிலை வடித்துவிட்டு வேறு ஊற்றிக்கொள்ளலாம். சொன்ன சொல்லை அப்படிச் செய்ய முடியாது.