இரண்டாவது கப்பலில் மெக்கானிக்குக்கு இடமில்லை

என் சின்ன மைத்துனனைப் பற்றி எழுதுவதென்றால் அவன் விரல்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் என் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறான். சுற்றும்போது உதடு அசையாது, விரல்தான் எண்ணும். ஒரு காயிலுக்கு அறுபத்தெட்டு சுற்று என்றால் அறுபத்தெட்டுதான். நடுவில் நீங்கள் போய்க் கூரை பறந்துவிட்டது என்று சொன்னாலும், அறுபத்தெட்டை முடித்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பான். அந்த விரலைக் கண்டுபிடித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் இன்று ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றால், ஆளைப் பார்த்ததுமே எடை போடும் கண் எனக்கு இருக்கிறது. படித்தவர்கள் அதற்கென்று தனியாக ஒரு பட்டம் வாங்குகிறார்களாம். வாங்கட்டும்.

இவனுக்கு ஒரு அண்ணன். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு பேரும் என் மனைவியின் தம்பிகள். ஒரே வீடு, பெரியவன் மாடியில், சின்னவன் கீழே. நடுவில் பதினாறு படிகள். அந்தப் படிகளில் எட்டு வருடமாக ஒரு வார்த்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சொத்துச் சண்டை என்று நினைப்பீர்கள். அவ்வளவு மரியாதையான சண்டை எல்லாம் இல்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் ஒன்று இருந்தது. சின்னவன் அதற்குப் புதுக் கம்பி சுற்றி இறக்கினான். இரண்டாவது வாரம் எரிந்துவிட்டது. அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். அவர்கள் முன்னால் பெரியவன், "கையில சுத்தம் இருந்தா மோட்டார் ஏன் எரியுது?" என்றான். சின்னவன், "தொட்டியில தண்ணி இருந்தா மோட்டார் ஏன் எரியுது?" என்று திருப்பிக் கேட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு வருடம் விடுமுறை.

அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவன் நான். சுற்றில் தப்பு என்றால் ஒரு பக்கம்தான் கருகும். இது ஊதுபத்திச் சாம்பல் மாதிரி முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தது. தண்ணீர்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். அன்று சுவிட்சு போட்டவன் பெரியவன், எனவே தப்பு அவனுடையது. மாடிக்குப் போய்ச் சொன்னேன். "உங்க பட்டறை ஆளை நீங்க விட்டுக்கொடுப்பீங்களா அத்தான்?" என்றான். நாற்பது வருட அனுபவத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த மதிப்பு அது.

இப்படி இருந்த வீட்டில்தான் விண்வெளிக் கப்பல் வந்து இறங்கியது.

பெரியவனின் மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது, மாடியில் ஒரு விளையாட்டுப் பெட்டி, கீழே சித்தப்பா வீட்டில் ஒரு விளையாட்டுப் பெட்டி என்று டிவியில் மாட்டி, இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்துவிட்டுப் போனாள். அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எனக்கு வாயில் நுழையாது, நான் 'கப்பல்' என்பேன். ஓட்டை உடைசல் கப்பல் ஒன்று, பறக்கும் பாறைகளுக்கு நடுவே சரக்கு ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போக வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் இன்ஜின் அறையில் பழுது பார்க்க வேண்டும். இரண்டு ஆள் இல்லாமல் அது கிளம்பாது. ஆயிரம் வருடம் கழித்தும் மனுஷன் லோடுதான் ஏற்றுகிறான், இன்ஜின் அப்போதும் மக்கர் பண்ணுகிறது என்று பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி. நம் தொழிலுக்கு அழிவில்லை.

பெரியவன் கேப்டன், சின்னவன் மெக்கானிக். தினமும் மாலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நேரில் முகம் பார்க்காதவர்கள் அங்கே மட்டும் பேசிக்கொண்டார்கள். அதுவும் கப்பல் பேச்சு மட்டும்.

"மெக்கானிக், இடது பக்கம் சூடு ஏறுது."

"பாத்துட்டேன் கேப்டன். வேகத்தைக் குறைங்க."

"குறைச்சா பாறை இடிக்கும்."

"குறைக்கலைன்னா இன்ஜின் வெடிக்கும். எது வசதி?"

மாடியில் பெரியவன் தலையில் மாட்டிய மைக்கில் கத்துவது முதலில் கூரை வழியாகக் கேட்கும். அதே கத்தல் எங்கேயோ இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய், உலகத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு நொடி கழித்துக் கீழே டிவியில் வந்து சேரும். பதினாறு படி இறங்க மனசு இல்லாதவன், சத்தத்தை உலகம் சுற்ற அனுப்பினான். விஞ்ஞான வளர்ச்சி என்றால் இதுதான் போலிருக்கிறது. டேங்க் நிரம்பிவிட்டது என்று சொல்ல மட்டும், சின்னவன் பெண்டாட்டி மாடிக்கு ஏறிப் போவாள்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. பிறகு அந்தக் கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்தது. கப்பலின் இரண்டாம் பாகம் வெளியிட்டான்.

பெரியவன் மகளே இரண்டு வீட்டுக்கும் அதை வாங்கி அனுப்பிவிட்டு, போனில் சொன்னாள்: "சித்தப்பா, பழைய கப்பலை இந்த மாசக் கடைசியோட நிறுத்திடுறாங்க. புதுசுக்கு மாறிடுங்க."

சின்னவன் திறந்து பார்த்தான். பள்ளிக்கூடப் பையன் புதுச் சட்டையைத் தடவுகிற மாதிரி ஆசையாகத்தான் திறந்தான். பத்து நிமிடத்தில் முகம் தொங்கிவிட்டது. நட்சத்திரம் எல்லாம் நகைக்கடை மாதிரி மின்னியது. துரு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, அவன் ஆறு வருடம் கட்டிக் காத்த பித்தளைக் குழாய் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இன்ஜின் அறையில் ஒரு ரோபோ நின்றுகொண்டிருந்தது. இனிமேல் கேப்டன் தனியாகவே கப்பலை ஓட்டலாமாம். மெக்கானிக் வேண்டும் என்றால் கேப்டன் அழைப்பு அனுப்ப வேண்டும். அழைப்பு இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாது.

அங்கேதான் எல்லாம் நின்றது. எட்டு வருடமாகப் பேசாத அண்ணன் அழைக்க வேண்டும், எட்டு வருடமாகப் பேசாத தம்பி காத்திருக்க வேண்டும். பழைய கப்பலில் இந்த வம்பே இல்லை. இரண்டு பேரும் இல்லாமல் அது நகராது என்பதால், யாரும் யாரையும் கூப்பிட்டதாகக் கணக்கில்லை.

பெரியவன் முதல் நாளே ரோபோவோடு புதுக் கப்பலில் கிளம்பிப் போய்விட்டான். சின்னவன் ஏழு மணிக்குப் பழைய கப்பலில் ஏறி, கேப்டன் இல்லாத இன்ஜின் அறையில் குழாய் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்துத் தெருதான், மாலையில் போய் உட்காருவேன். நாற்பத்தாறு வயது ஆள், கிளம்பாத கப்பலில், இல்லாத அழுக்கைத் துடைப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

"கிளம்பாத கப்பலுக்கு எதுக்குடா சர்வீஸ்?"

"சும்மாதான் அத்தான். மாசக் கடைசி வரைக்கும் இருக்கில்ல."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

"அவருக்கு ரோபோ இருக்கு. நான் எதுக்கு?"

மாடிக்கு ஏறிப் போனேன். பெரியவன் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பியைக் கூப்பிடேன்டா."

"வரணும்னா அவன் கேக்கட்டும் அத்தான். இந்த ரோபோ தங்கம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்ல."

ஒன்பது ஆளை மேய்க்கிறவன் நான். இந்த இரண்டை மேய்க்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவர்களை யாராலும் முடியாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுதானே என்று விட்டுவிட்டேன். அது என் பட்டறைக்குள் வந்தபோதுதான் உறைத்தது. சலவை நிலையத்து மோட்டார் ஒன்று போன மூன்றாம் நாளே கருகித் திரும்பி வந்தது. பிரித்தால், ஒரு பக்கம் மட்டும் கருகல்.

"இது யார் சுத்தினது?"

"நான்தான்." சின்னவன் காயிலைக் கையில் வைத்து உருட்டினான். "நாலு சுத்து குறைஞ்சிருக்கு அத்தான்."

"உனக்கா?"

"எனக்குத்தான். எண்ணும்போதே மனசு வேற எங்கயோ போயிடுது." காயிலைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு அண்ணன் சொன்னதும் சரியா இருக்குமோ? அந்தத் தொட்டி மோட்டார்லயும் நான்தான் விட்டுட்டேனோ?" என்றான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவன் தன் விரலைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த விரல் போனால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நல்ல மனசு இருக்கிறது என்பார்கள். அதை வைத்து மோட்டார் சுற்ற முடியாது.

"முழுக்கக் கருகியிருந்ததை நான் பாத்தேன்டா" என்றேன். தலையை ஆட்டினான். நம்பவில்லை. என் சொல்லை அண்ணனும் நம்பவில்லை, தம்பியும் நம்பவில்லை. அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மாலை அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாடியில் கூச்சல். ஏறிப் போனேன். பெரியவன் டிவியைப் பார்த்து விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த மெஷினுக்கு என்ன திமிரு பாருங்க அத்தான்! தண்ணி இல்லாம ஓட்டினேனாம்!"

நடந்தது இதுதான். ஒரு பாறைக் கூட்டத்தைத் தாண்டும் அவசரத்தில், குளிரூட்டும் தண்ணீர் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறான். இன்ஜின் எரிந்துவிட்டது. தங்கமான ரோபோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கை எழுதி டிவி நிறைய ஒட்டிவிட்டது. காரணம்: தண்ணீர் இல்லாமல் ஓட்டியது. பொறுப்பு: கேப்டன். அதன் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால்தான் ரோபோ ஸ்பானரைத் தொடும்.

"அழுத்து, தீர்ந்தது."

"மாட்டேன். நாலு நாளா இப்படியே நிக்குது. ஒரு தகர டப்பாகிட்ட நான் தப்புன்னு சொல்லணுமா?"

"வேற வழி?"

பெரியவன் குரல் இறங்கியது. "மனுஷ மெக்கானிக் வந்தா இந்தப் பட்டன் தேவையில்லையாம்."

வாயை மூடிக்கொள்வதும் ஒரு திறமை. அதையும் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. பேசாமல் படியிறங்கி வந்து சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வழக்கம்போலக் குழாய் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஏழேகாலுக்கு டிவி மூலையில் ஒரு மணி அடித்தது. கேப்டன் அழைக்கிறார். சின்னவன் அதையே பார்த்தான். துடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கடைசி வரை துடைத்து முடித்துவிட்டுத்தான் புதுக் கப்பலுக்குள் போனான்.

"மெக்கானிக், இன்ஜின் எரிஞ்சுபோச்சு" என்றது கூரை. ஒரு நொடி கழித்து டிவியும் அதையே சொன்னது.

சின்னவன் மூடியைத் திறந்தான். விளையாட்டுக்காரன் கெட்டிக்காரன்தான், கருகலைக்கூடச் சரியாக வரைந்திருந்தான். முழுக்க, ஒரே சீராக, சாம்பல். நான் முழங்கையால் இடித்தேன். எட்டு வருடமாக அவன் சொல்லக் காத்திருந்த வார்த்தை எதிரில் திறந்து கிடந்தது. அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"கம்பி சுத்தினவன் எண்ணிக்கையில விட்டிருப்பான் கேப்டன். கையில சுத்தம் இல்ல."

குத்தலாகத்தான் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை. பாவி, நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்தான்.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. பிறகு கூரை வழியாகக் குரல் வந்தது.

"இல்லடா. தொட்டி காலியா இருந்ததைப் பாக்காம நான்தான் சுவிட்சு போட்டேன். உன் கம்பியில ஒண்ணும் இல்ல."

கப்பலில் ஏது தொட்டி, ஏது சுவிட்சு? டிவியில் அந்தக் குரல் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒரு நொடி போனது, பத்து நொடி போனது. வரவில்லை. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசியிருக்கிறான்.

சின்னவன் டிவியை விட்டுக் கண்ணை எடுத்து, கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"சரிண்ணா" என்றான். அதுவும் மைக்கில் சொல்லவில்லை. பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, "வேகத்தைக் குறைச்சு வைங்க கேப்டன்" என்று கத்தினான்.

சலவை நிலையத்து மோட்டாரை அவனே மறுபடி சுற்றினான். நான் பிரித்து எண்ணவில்லை. இன்றைக்கும் இரண்டாவது கப்பல் மட்டம் என்றுதான் சொல்வான்: நட்சத்திரம் கண்ணைக் குத்துகிறதாம், ஸ்பானர் சத்தம் பொம்மை மாதிரி இருக்கிறதாம். பட்டறையில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. ஆறே முக்காலுக்குக் கை கழுவ ஆரம்பித்துவிடுகிறான். அந்த ரோபோவைக் கழற்றி ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். டேங்க் நிரம்பிவிட்டது என்று சொல்ல இப்போது யாரும் மாடிக்கு ஏறுவதில்லை. கீழே இருந்து ஒரு கத்தல்தான்.