படி வளைவு

தொண்ணூறுகளின் நடுவில் நெய்யாற்றின்கரையில், கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தோம். அமரவிளை வீட்டை விற்க வைத்தவன் நான். பிள்ளைகளின் படிப்புக்காக என்று அப்பாவிடம் சொன்னேன். ஆபீசுக்கு நடந்து போகலாம் என்பதுதான் காரணம்.

ஒரே அறை, ஒரு அடுக்களை. அறையின் குறுக்கே கம்பி கட்டி மனைவியின் பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். இந்தப் பக்கம் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாய் விரித்துப் படுப்போம். அப்பா இருமினால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். அதனால் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமப் பழகிவிட்டார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

மேல்மாடியில் ஒரு கிழவி இறந்தாள். எங்கள் சபைதான். வீட்டின் நடுவில் சவப்பெட்டியை வைத்து, சுற்றி உட்கார்ந்து பாடி, ஜெபித்து எடுப்பது எங்கள் வழக்கம். அங்கே உட்கார இடமில்லை. பாட வந்தவர்கள் படியில் நின்றார்கள். எடுக்கும்போது பெட்டி படி வளைவில் திரும்பவில்லை. கயிறு கட்டி, செங்குத்தாக நிமிர்த்தி இறக்கினார்கள். எங்கள் வாசலில் நின்று பார்த்த அப்பா, "செத்த பொறவும் அவளை நிக்க வச்சிட்டானுவ" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அன்று படுத்ததும் மனைவியிடம் மெல்லச் சொன்னேன்: அப்பா அந்தக் கிழவியைவிட உயரம், இங்கே வைத்து ஏதாவது ஆனால் சபைக்காரர் முன்னால் நாணக்கேடு, பனச்சமூட்டில் தங்கச்சி வீட்டுக்கு நல்ல முற்றம் உண்டு. சேலைக்கு அப்பால் இருமல் நின்றிருந்தது. அதைக் கவனித்த பிறகும் பேசினேன்.

காலையில் அப்பா சட்டை போட்டு, வேதபுத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னை உனக்க தங்கச்சிக்க வீட்டுல கொண்டு விடு மக்கா. காலு நடக்கும்போதே இறங்குதேன்."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். படி வளைவில் அப்பா நின்று, இரண்டு கையையும் விரித்துச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தார்.

நான் திரும்பி வந்தபோது, கட்டில் கிடந்த இடத்தில் மேசை போட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அதற்குள் நான் போய்ப் பார்த்தது குறைவு. பெட்டி எங்கும் இடிக்காமல் முற்றத்துக்கு வந்தது. சபைக்காரர் எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது. தங்கச்சி என்னருகே வந்து, கடைசி நாட்களில் அப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள்.

"அந்தப் படியை இடிச்சு அகலமாக்கியாச்சான்னு கேப்பாரு. எந்தப் படி அண்ணா?"

தெரியவில்லை என்றேன்.