பேஸ்பாலுக்கு ஆள் பிடித்த கதை

காலி நாற்காலியைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி நிலையத்தில் பல வருடங்கள் குப்பை கொட்டியதன் பலன் அது. புது பேட்ச் தொடங்கும்போதெல்லாம் இலவசமாக ஒரு டெமோ வகுப்பு வைப்போம். எட்டிப் பார்க்க வருகிறவர்கள் ஹால் காலியாக இருந்தால் வந்த வழியே படியிறங்கிவிடுவார்கள். அதனால் பழைய பேட்ச் பிள்ளைகளை இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். ஒருமுறை யாரும் அகப்படாமல், பக்கத்து ஹாஸ்டலுக்கு டிபன் கேரியர் கொண்டுவந்த பெரியவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் நடுவில் எழுந்து சார், ஒரு டவுட் என்று வேறு கேட்டார். அன்றைக்கு அந்த பேட்ச் நிரம்பி வழிந்தது.

பிறகு நிலையத்தையே மூடிவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன். ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் கணவர் தினமும் ஆசையாக, "இனிமே நீ ரெஸ்ட் எடும்மா" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தெட்டு வயதில் ரெஸ்ட் எடுப்பதற்கா என்னைப் பெற்றுப் போட்டார்கள்? அந்த மாதங்களில் அக்கம்பக்கத்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பேஸ்பால் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டி விற்கும் ஒருவர், நம் ஊரில் பாதிப் பேரைப் போல, அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருக்கிறார். மகன் கூட்டிப்போய்க் காட்டியது பேஸ்பால். திரும்பி வந்தவர், புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக்கில் ஹைதராபாத் அணியை வாங்கிவிட்டார். ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள், தொப்பி கிடைத்தது, கோச் கிடைத்தார். பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதற்காக என்னை வேலைக்கு வைத்தார். என் பதவிக்கு ஆங்கிலத்தில் வாய்கொள்ளாத பெயர் ஒன்று உண்டு. தமிழில் சொன்னால் ஆள் பிடிக்கிறவள்.

ஏ.எஸ்.ராவ் நகர் தாண்டி ஒரு கல்லூரியின் மைதானம்தான் எங்கள் அணிக்குச் சொந்த மைதானம். முதல் ஆட்டத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச டிக்கெட் கொடுத்தேன். வந்தார்கள், ரீல்ஸ் எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு மிளகாய் வேஷத்தில் ஓர் ஆளை ஆடவிட்டேன். மைதானத்து நாய்கள் அவரைத் துரத்தின. அன்றைக்கு வந்திருந்த சொற்பப் பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் பக்கத்துக் காலனி ஓய்வுபெற்ற என்ஜினீயர்களை அழைத்தேன். அவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். "எத்தனை ஓவர்?" ஓவர் கிடையாது சார். "ரெண்டு பக்கமும் ஓடலாமா?" கூடாது சார். "பின்னாடி அடிச்சா ஃபோர் இல்லையா?" அது ஃபவுல் சார். இதென்ன அநியாயம் என்று எழுந்து வாக்கிங் போய்விட்டார்கள்.

முதலாளி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, கேலரியின் ஓரத்தில் ஏசி போட்ட காரில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஜனம் ஏரம்மா?" மக்கள் எங்கேம்மா?

சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கூப்பிட்டனுப்பினார். விளம்பரம் தருகிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். கேலரி அப்போதும் காலியாகக் கிடந்தால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவதாக முடிவு செய்திருந்தார். "ஊரில் ஒருத்தருக்கும் இந்த டீம் தம்முடையது என்று தோன்றவில்லை, நான் என்ன செய்ய?" என்று தெலுங்கில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, வருத்தமாகச் சொன்னார். அணி போனால் என் வேலையும் போகும். மறுபடி ஜன்னல்களை எண்ண வேண்டும்.

வேறு வழியில்லாமல் சொந்தச் சரக்கில் கை வைத்தேன். சிகந்திராபாத்தில் எங்கள் கோயில், அதாவது சர்ச், தமிழ்க் கோயில். சபையார் எல்லாம் மூன்று தலைமுறையாக இங்கேயே ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்த குடும்பங்கள். கூப்பிட்டால் வருகிற ஜனம். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சிரித்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர்.

"அங்கிள், பேஸ்பால் மேட்ச். குழுவோட வரணும். கத்தணும்."

"கத்துறதா?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல. "நம்ம குழு கத்தாது. பாடும்."

பக்கத்தில் நின்ற என் அத்தை புகுந்தாள். அப்பாவின் தங்கை. ரயில்வே கணக்குப் பிரிவில் ரிட்டயர் ஆனவள். அவள் மெதுவாகப் பேசினால் தெருமுனை வரை கேட்கும். "ஏட்டி, டீ, பப்ஸ் உண்டா?"

"உண்டு அத்தை."

"பிறகு கைக்கு யோசனை? பஸ்ஸுக்குச் சொல்லு." கைக்கு என்றால் எதற்கு; அத்தையின் தமிழில் ஹைதராபாத் உருதுவும் கலந்திருக்கும்.

இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். வந்தவர்கள் நேராகப் போய்க் கடைசி வரிசையிலிருந்து உட்கார ஆரம்பித்தார்கள். கோயிலில் அப்படித்தான். பின் பெஞ்சு நிரம்பிய பிறகு வருகிறவன்தான் வேறு கதியில்லாமல் முன்னால் போவான். கேமராவோ முன்வரிசையை மட்டும் காட்டும் இடத்தில் நின்றது. அதில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. கெஞ்சினேன், அசையவில்லை. கடைசியில் டீ கேனையும் பப்ஸ் தட்டையும் முன்வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பின்வரிசைகள் தாமாகக் கரைந்து, ஆட்டம் தொடங்கும்போது, பந்து மேலே படாமலிருக்கக் கட்டிய வலைக்கு நேர் பின்னால் மொத்த சபையும் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சாமர்த்தியசாலியான நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எதிரணி சென்னை.

சென்னைப் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கி, "மச்சான், இந்தப் பக்கம் வாடா" என்று ஒருவன் கத்தியதுதான் தாமதம், கேலரி உருகிவிட்டது. "ஏட்டி, நம்ம பிள்ளைக!" என்றாள் அத்தை. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? சென்னைக்காரன் அடித்தால் கைத்தட்டல். ஹைதராபாத்காரன் அவுட்டானால் அதைவிடப் பெரிய கைத்தட்டல். கார் கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கியது.

"மனவாள்ளு அவுட் அயித்தே சப்பட்லா?" நம்மவன் அவுட்டானால் கைத்தட்டலா என்கிறார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக நடித்து அங்கிருந்து நழுவினேன்.

நாலாவது இன்னிங்ஸ் முடியும்போது அத்தை எழுந்து, சென்னை அணியின் கேட்சரைப் பார்த்துப் பாசமாகக் குரல் கொடுத்தாள். கேட்சர் என்பவன் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவன், எங்களுக்கு நாலடி தூரத்தில் இருந்தான். "ஏலே தம்பி, சாப்ட்டியால? ஹவ், நல்லா ஆடுதே!" ஹவ் என்றால் இந்த ஊர் உருதுவில் ஆமாம்.

அவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம், "தெலுங்குக்காரங்க தமிழ் பேசுறாங்கடா. டப்பிங் சீரியல் மாதிரியே இருக்கு" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அத்தை உட்கார்ந்தாள். வீட்டில் பேரப்பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொன்னால் தமிழில் திரும்பச் சொல்லும்வரை தட்டில் சோறு போடாதவள் அவள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்கே அழுகை வந்தது. பாடகர் குழுத் தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். யாரும் பப்ஸைத் தொடவில்லை. அடக்க ஆராதனையில்கூட இவர்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

பொழுது சாய ஆரம்பித்தது. அந்த மைதானத்து விளக்குகளுக்குக் கண்பார்வை மட்டு. கேட்சர் வழக்கமாக எந்த மாதிரிப் பந்து வேண்டும் என்பதை விரல் ஜாடையில்தான் பந்து வீசும் பிட்சருக்குச் சொல்வான். இருட்டில் பிட்சருக்கு விரல் தெரியவில்லை. மட்டையோடு நிற்பவன் ஹைதராபாத்காரன்தானே, அவனுக்கு என்ன புரியப்போகிறது என்று கேட்சர் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தான். "மெதுவா விடு மச்சான்."

அத்தை நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வலையில் வாயை வைத்து எங்கள் மட்டைக்காரனுக்கு உருதுவில் சொன்னாள். "பேட்டா! ஆஹிஸ்தா ஆரா! ருக்கோ!"

மெதுவாக வருகிறது, பொறு. அவன் பொறுத்தான். மெதுவாக வந்த பந்தை ஆற அமரப் பார்த்து அடித்தான். அது விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போனது.

அடுத்த பந்து. "வெளிய தள்ளிப் போடு."

"பாஹர் ஹை, பாஹர்! நக்கோ மாரோ!" வெளியே போகிறது, அடிக்காதே. இந்த முறை பத்துக் குரல்கள்.

அதோடு கேலரி மொழிபெயர்ப்பு ஆபீஸ் ஆகிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினால் மட்டைக்காரனுக்கு எப்படிப் புரியும்? ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "ஒழுங்கு வேணும்" என்றார். உயர்ந்த குரல் பெண்களுக்கு 'ஊப்பர்', அதாவது மேலே, என்று ஒதுக்கினார். மற்றப் பெண்களுக்கு 'நீச்சே', கீழே. ஆண்களில் ஒரு பாதிக்கு 'பாஹர்'. கட்டைக்குரல்காரர்களுக்கு 'ஆஹிஸ்தா'. கேட்சர் வாயைத் திறந்ததும் அவர் கை காட்டுவார், அந்தப் பகுதி மட்டும் முழங்கும். சுருதி பிசகவே இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட அவர்கள் இவ்வளவு சேர்ந்து பாடியதில்லை.

கேட்சர் திரும்பிப் பார்த்தான். இம்முறை சிரிக்கவில்லை. அம்பயரிடம் போய் முறையிட்டான். அவர் எங்களைப் பார்த்தார், பார்வையாளர்கள் கத்தத்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவன் தந்திரத்துக்கு மாறினான். "கீழ போடு" என்று சொல்லி மேலே போடவைத்தான். பாவம், எங்கள் ஆள் ஏமாந்து அவுட்.

"ஏலே! கோயிலுக்குப் போற கூட்டத்துக்கு முன்னாடி பொய் சொல்லுதியால?" அத்தை வலையைப் பிடித்து உலுக்கினாள். "உன் டப்பிங்கை நாங்க பாத்துக்கிடுதோம்!"

கேலரியின் ஓரத்தில் கார் கதவு திறந்தது. சீசனில் முதல் தடவையாக முதலாளி வெளியே இறங்கி வந்தார். விளம்பரக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். என் பக்கத்தில் நின்று, "ஏமண்டுன்னாடு?" என்று கேட்டார். அவன் என்ன சொல்கிறான் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் கட்டைக்குரல்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அவரை ஒரு முறை முறைத்தார். நேரத்துக்கு முன்னால் குரல் எடுத்துவிட்டாராம்.

ஆனாலும் தோற்றோம். கேட்சர் கடைசியில் ஒவ்வொரு பந்துக்கும் பிட்சரிடம் நடந்துபோய்க் காதில் சொன்னான். காதில் சொன்னதை எங்களாலும் மொழிபெயர்க்க முடியவில்லை. ஒரே ஒரு ரன் வித்தியாசம். கேலரி நிரம்பியது நிஜம், ஆனால் இது பஸ் வைத்துப் பிடித்து வந்த கூட்டம் என்பது முதலாளிக்கு எந்த நிமிடமும் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. அவர் அத்தையிடம் போய்த் தெலுங்கில் கேட்டார். "நீங்கள் எல்லாரும் தமிழர்கள்தானே? சென்னை டீம்தான் உங்களுடையது. எங்களுக்காக எதற்கம்மா கத்தினீர்கள்?"

டீ, பப்ஸ் என்று அத்தை உள்ளதைச் சொல்லிவிடக் கூடியவள்.

அத்தை அவர் கேட்டதையே காதில் வாங்கவில்லை. தோற்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை அவளுக்கு. "தருவாத்தி மேட்ச் எப்புடு சார்?" என்றாள்.

அடுத்த மேட்ச் எப்போது? சீசன் முழுக்க ஒரு மனிதர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. பத்து வயதுப் பிள்ளைகளிடமும் எழுபது வயதுப் பெரியவர்களிடமும் டிக்கெட்டை நீட்டியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. அடுத்த மேட்ச் என்று ஒன்று இந்த ஊரில் இருக்குமா என்பதே சந்தேகம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அடுத்த வருஷம்" என்றார். பிறகு, "இக்கடே" என்றார். இங்கேயே.

"ஞாயிற்றுக்கிழமை காலைல வைக்காதீங்க" என்று அத்தை அவரிடம் தெலுங்கில் கண்டிப்பாகச் சொன்னாள். "எங்களுக்குக் கோயில் இருக்கு. நாங்க இல்லாம நீங்க எப்படி ஜெயிப்பீங்க?"

"சரே அம்மா" என்றார் முதலாளி.