‘ம்’ செல்லாது

“‘ம்’முன்னா? ஆமாவா, இல்லையா, போதும் விடுன்னு அர்த்தமா?”

மடியில் படிவ அட்டை, கையில் மூடி திறக்காத பேனா. இப்படிக் கேட்பவர், ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதக் கையெழுத்து வாங்கும் நர்ஸ். வார்டில் ‘திருப்பிச் சொல்லு அக்கா’ என்றால்தான் தெரியும். டாக்டர் சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே பேனா திறக்கும். “நீங்க பாத்துச் செய்ங்க சிஸ்டர்” என்று யாராவது குழைந்தால், “வயிறு உங்களோடது, நான் என்னத்தப் பாக்க?” என்பார். என் பித்தப்பைக் கல்லுக்கே மூன்று தடவை ஒப்பிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி ஒப்பித்ததில்லை.

நோயாளியின் காது மெஷின் டிராயரில் கிடந்தால் எடுத்து மாட்டிவிடுவார். மூக்குக் கண்ணாடியைக் கோட்டு நுனியால் துடைத்துக் கொடுப்பார். “காது கேக்கலைன்னா புத்தியும் இல்லைன்னு முடிவு பண்ணிடுறாங்கப்பா” என்று அலுத்துக்கொள்வார்.

என் பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். சர்க்கரைப் புண் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் டாக்டர் கேட்டதற்கு ‘ம்’ என்றிருந்தார். வெட்டும் இடத்தைக் காட்டக் காலில் மையால் கோடுகூடப் போட்டாகிவிட்டது. அக்கா காது மெஷினை மாட்டிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“கால எடுத்துடுவீங்க. எடுக்கலைன்னா விஷம் ஏறி ஒரு மாசத்துல போயிடுவேன். எண்பத்தோரு வயசாச்சும்மா. தெருத்தெருவா நடந்த காலு. இதோடவே போறேன். வேண்டாம்.”

மகன் பதறிப்போனார். “அப்பாவுக்குப் புத்தி கலங்கிடுச்சு சிஸ்டர். குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்.”

“நேத்து ‘ம்’முன்னு சொன்னப்ப புத்தி நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?”

மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு சாய்ந்தது. என் அப்பாவாக இருந்தால் நானும் பேனாவைப் பிடுங்கியிருப்பேன்.

அக்கா மாலையிலும் வந்து கேட்டார். டாக்டரையும் கூட்டிவந்து கேட்க வைத்தார். பதில் மாறவில்லை. டாக்டர் அதைப் படிவத்தில் எழுதிவிட்டுப் போனார்.

பிறகு அக்கா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மைக்கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அக்காவின் கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.