பாதிப் படியில் நின்ற கட்டில்

மூட்டை தூக்கிப் பிழைத்து, தாம்பரத்தில் மாடி வீடு கட்டியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்புதான். உதவி என்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

என் மனைவி கடைசியாகப் படுத்திருந்த இரும்புக் கட்டில் மாடியிலேயே கிடந்தது. அவள் போன பிறகு அந்த அறையை நான் திறக்கவே இல்லை. எங்கள் பகுதியில் ஞாயிறு காலையில் உடற்பயிற்சிக்காகக் கூட்டமாக ஓடும் இளம் பிள்ளைகள் உண்டு. ஓடும் வழியில் யாருக்காவது ஒரு வேலை செய்து கொடுப்பது அவர்கள் வழக்கம். பெரும்பாக்கத்தில் நோயில் விழுந்து கிடக்கும் ஒருவருக்காக, அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு வந்து அந்தக் கட்டிலைக் கேட்டார்கள். சரி என்றேன்.

வியர்வையோடு நாலு பேர் வந்தார்கள். "நீங்க கீழயே இருங்க சார்" என்றாள் ஒரு பெண்.

"நூறு கிலோ மூட்டை தூக்கினவன்மா நான்" என்று தலைமாட்டைப் பிடித்தேன்.

பாதிப் படி இறங்கியபோது, என் மனைவியின் வளையல் உரசிப் பெயின்ட் போன இடம் கையில் பட்டது. பிடி தளர்ந்தது.

"விட்டுடுங்க சார், வெயிட் எங்ககிட்ட இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

படியில் உட்கார்ந்து அழுதேன். நான் எழுந்திருக்கும் வரை, நாலு பேரும் கட்டிலைத் தாங்கியபடியே நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த வீட்டில் எல்லாமே என் உழைப்பு என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். அந்தக் கட்டிலை இறக்கியது மட்டும் நான் இல்லை.