அப்பா வாங்கிய மூன்றாவது கார்

எங்கள் அப்பா உப்பைக் குறை சொல்ல விடமாட்டார். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், புளி குறைந்துவிட்டது என்றுதான் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மரக்காணத்தில் சொந்தமாக உப்பளம் வைத்திருந்தவருக்கு அது சாமி குத்தம் மாதிரி.

2005-இல் நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அப்போது மூன்றாவது பழைய கார் நின்றது. மூன்றும் மூன்று கம்பெனி. முதலாவதற்கு ரேடியேட்டர் ஓட்டை. இரண்டாவதன் சைலன்சர் அனுமந்தை அருகே கழன்று விழுந்து, கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே உருண்டு வந்தது. மூன்றாவதில் கால் வைக்கும் இடத்தைத் துரு தின்றுவிட்டதால் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்க்கலாம். எனக்கு அந்தக் கார்தான் ரொம்பப் பிடிக்கும். அப்பாவோ ஒவ்வொரு முறையும் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த கம்பெனி வண்டியைத் தேடிப் போவார். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்பதால் உப்பளத்து போர் தண்ணீரில்தான் தினமும் காரைக் கழுவினார். ரேடியேட்டருக்கும் அதேதான். காய்ந்ததும் பானெட் வெள்ளையாகப் பூக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு, பளபளப்பைப் பார் என்பார்.

பாண்டியில் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்காவுக்கு அப்போது வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவரை அப்பா முதலில் காரிடம்தான் அழைத்துப் போவார். இது ஏன் இப்படி ஆனது என்று கேட்பார். திண்டிவனத்திலிருந்து வந்த ஒருவர் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். பஜ்ஜி வேகும் முன்னே அவருடைய ஜாதகம் அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டது. அக்கா அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து வந்தவர் பாண்டியில் கார் பட்டறை வைத்திருந்தவர். கீழ்புத்துப்பட்டு அத்தை சொன்ன இடம். அவரை அப்பா காரிடம் அழைத்துப் போனதும் அக்கா என்னை இழுத்து நிறுத்தினாள். ஒரு சொம்புத் தண்ணீரை என்னிடம் கொடுத்து, காதில் ஒரு சேதி சொல்லி, ஓடு என்றாள்.

அவர் வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்திருந்தார். எதையோ சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விடை தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எழுந்தவரிடம் சொம்பை நீட்டி, கிசுகிசுத்தேன்.

"அக்கா சொல்லச் சொன்னா. எப்பவும் போல உள்ளதைச் சொல்லித் தொலைக்காதீங்களாம்."

அவருக்குப் புரையேறிவிட்டது. அப்பா அவர் தலையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சொல்லுங்க தம்பி, யார் மேல தப்பு?"

"தகரமே சரியில்லீங்க. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். எங்கள் பட்டறைத் தண்ணீரில் கழுவினால் பளபளப்பு இன்னும் கூடும், வாரம் ஒருமுறை நானே வந்து வண்டியை எடுத்துப் போகிறேன் என்றும் அவர் சொன்னார். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது, தட்டு மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது.

நான் கொண்டுபோன சேதியால்தான் கல்யாணமே நடக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அதை அம்மாவிடம் வரி மாறாமல் ஒப்பித்தேன். அம்மா ஒரு நிமிடம் அக்காவையே பார்த்தாள். பிறகு என் வாயில் ஒரு பஜ்ஜியைத் திணித்து, இதை அப்பாவிடம் சொல்லாதே என்றாள். அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த மனிதர் எப்போதும் எப்படிப் பேசுவார் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.